அந்தியேட்டி முடியும்வரை காத்திருந்த பூட்டு

"ஓம், அவ என்னட்டைச் சொன்னவ." அன்று நான் சொல்லாமல் விட்டது இந்த நான்கு சொற்களைத்தான். வாடகை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்தில், யன்னல் இல்லாத ஒரு சிறிய அறையில், மேசையின் ஒரு பக்கம் உன் அப்பாவும் நானும் இருந்தோம். மறுபக்கம் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்த வசந்தி அக்காவும் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்கள். வழக்கைக் கேட்ட அம்மையார் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்: முன்வாசல் பூட்டுப் பழுதாகிவிட்டதென்று இவர் உங்களிடம் சொன்னாரா? கேள்வி மொழிபெயர்ப்பாளரின் வாயிலிருந்து வருமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. "எனக்கு நினைவில்லை" என்று பிரெஞ்சில் சொன்னேன். எனக்கு அப்போது முப்பது வயது, மகனே, உனக்குப் பத்து. நீ அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஆனால் நான் சொன்னது பொய்யென்று வசந்தி அக்காவையும் என்னையும் தவிர இந்த உலகத்தில் இன்னும் ஒருவருக்குத் தெரியும். அது நீ. பூட்டைப் பற்றி வசந்தி அக்கா என்னிடம் சொன்னபோது நீ என் பக்கத்தில் நின்றாய்.

நீ வீட்டை விட்டுப் போய் மூன்று கிழமை ஆகிறது. நீ போயிருக்கும் ஷெர்புரூக் நகரம் ஒன்றும் தூரமில்லை, காரில் இரண்டு மணித்தியாலம் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். உன்னைக் கொண்டுபோய் விட்ட அன்று, பெட்டிகளை இறக்குமுன்பே நீ போனை எடுத்து அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையையும் படம் பிடித்தாய். யன்னல் கொளுக்கி, அடுப்பின் பின்பக்கம், முன்கதவின் பூட்டு. பூட்டை மட்டும் நான்கு படம் எடுத்தாய். பிறகு மாடிப்படியில் இருந்துகொண்டே வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாய். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்னடா, குடியிருக்க வந்தனியோ, பொலிஸ் விசாரணைக்கு வந்தனியோ?" என்றார். நீ தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்: "இப்ப எழுதிப்போட்டா, பேந்து ஒருத்தரும் தெரியாதெண்டு சொல்லேலாது அப்பா." நீ என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு நீ எடுத்துக்கொண்ட கவனத்தை நான் பார்த்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா வானொலி கேட்டுக்கொண்டு வந்தார். நான் உன்னுடைய அந்த ஒரு வசனத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் வீட்டு விசயத்தை வாசலுக்கு வெளியே கொண்டுபோகாதவள். கோயிலிலும் கடையிலும் யாராவது சுகம் கேட்டால் ஒரு புன்னகையோடு முடித்துக்கொள்கிறவள். ஆனால் அந்த வழக்குக்குப் பிறகு எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வசந்தி அக்காவைப் பற்றிக் கதைத்த கதைகள் உனக்குத் தெரியும். எங்கடை ஆளே எங்கடை ஆளைக் கோட்டுக்கு இழுத்தவ, காப்புறுதிக் காசுக்காகப் பொய் சொன்னவ என்று பலசரக்குக் கடை வரிசையில் நின்று என் காதுபடச் சொன்னார்கள். நான் மல்லித்தழையைத் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். அவர் மீது பொய்ப்பழி விழுந்தது ஊர் அறிய. அதை உன் காதுக்குள் மட்டும் சொல்லித் துடைக்க முடியாது. நீ வாசித்து ஒரு மாதம் ஆன பிறகுதான் இதை அச்சுக்குக் கொடுப்பேன், நீ வேண்டாமென்றால் கொடுக்கமாட்டேன். வசந்தி என்பது அவருடைய பெயர் அல்ல. என் பெயரையும் போடவில்லை. இதைப் படித்து யாரென்று அறிகிறவர்கள் அறியட்டும்.

நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். அந்த மெதுவான வாசிப்பையும் உனக்குக் கற்றுத் தந்தவர் வசந்தி அக்காதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ எழுத்துகளோடு சண்டை பிடித்துவிட்டு வந்தால், அவர் கடையில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையை விரித்து, மரண அறிவித்தல் பக்கத்தில் உன் விரலை வைப்பார். "வாசியடா ராசா, இந்தக் கிழமை ஆர் ஆர் போட்டினம் எண்டு பாப்பம்." நீ எழுத்துக் கூட்டி வாசிப்பாய். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அன்புக் கணவர், பாசமிகு தந்தை. 'பாசமிகு' என்ற சொல் அத்தனை பேருக்கும் வருவதைக் கண்டு, "அன்ரி, கூடாத ஆக்கள் சாகிறதில்லையோ?" என்று ஒருநாள் கேட்டாய். அவர் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தேத்தண்ணி பத்திரிகையில் ஊற்றுப்பட்டது. "கூடாத ஆக்களுக்கும் பிள்ளையள்தானே காசு குடுத்துப் போடுதுகள்" என்றார்.

அவர் மன்னார் ஆள், வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். கணவர் இங்கே வந்து சில வருடங்களில் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டிகள் தூக்கி, அடுக்கி, நிறுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. நாங்கள் அந்த ஆறு வீட்டுக் கட்டடத்தை வாங்கியபோது அவர் அங்கே ஏற்கெனவே குடியிருந்தார். அப்பா அவரிடம் போய், "அக்கா, நீங்கள் இருங்கோ, ஏதும் குறையெண்டால் வாய்விட்டுச் சொல்லுங்கோ, எங்களுக்குள்ளை கடிதம் கிடிதம் வேண்டாம்" என்றார். அதை ஒரு பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அப்படியே எடுத்துக்கொள்ளவும் பட்டது. எங்கள் ஆட்கள் வீட்டுக்காரருக்குக் கடிதம் போடுவதென்றால் அது முகத்தில் அடிப்பது மாதிரி. குழாய் ஒழுகினால் அதைப் பெண்கள் பெண்களிடம்தான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பெண் நேரம் பார்த்து, புருசன் சாப்பிட்டு எழும்பிய பிறகு, அதை அவர் காதில் போடுவாள். எங்கள் கட்டடத்தில் ஏழு வருடம் அப்படித்தான் எல்லாம் திருத்தப்பட்டது. ஒழுகும் குழாய் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

அந்த மாசி மாதம் உன் அப்பப்பா ஊரில் இறந்தார். அப்பா அப்போது ஊருக்குப் போக முடியாத நிலையில் இருந்தார், கடதாசிகள் சரிவரவில்லை. தகப்பனின் செத்தவீட்டைப் போனில் பார்த்தார். சுடலைக்குக் கொண்டுபோகும்போது இணைப்பு அறுந்துவிட்டது. அதன் பிறகு பேக்கரி வேலைக்குப் பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வந்து, முன்னறையில் வெறுமனே இருந்தார். வீட்டில் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை நாங்கள் யார் வீட்டுக்கும் போவதில்லை, நல்ல காரியம் எதுவும் தொடங்குவதில்லை. உனக்கு எட்டு வயது. தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்க்கப் பழகிக்கொண்டாய்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை பகல். கதவில் முழங்கை இடிக்கும் சத்தம் கேட்டது. கை நிறையச் சாமானோடு வந்தால் வசந்தி அக்கா முழங்கையால்தான் தட்டுவார். நீ ஓடிப்போய்த் திறந்தாய். ஒரு கட்டு லீக்ஸ், பெரிய வெங்காயத்தாள் மாதிரி, நுனி வாடியது, சந்தையில் விற்காமல் மிஞ்சியது. பாதியை உன் கைகளில் அடுக்கினார், அது உன் முகத்தை மறைத்தது. "பிடியடா, இது உன்னிலும் உயரம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

"பிள்ளை, முன்கதவு பிடிக்குதில்லை. நாக்கு உள்ளை போகுது, திரும்பி வருகுதில்லை. ஆரும் தள்ளிக்கொண்டு வரலாம்."

"எப்ப இருந்தக்கா?"

"ரெண்டு மூண்டு நாள். நான் இழுத்து இழுத்துச் சாத்திப் பாத்தன், நிக்குதில்லை." உள்ளே அப்பாவின் முதுகு தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இப்ப போய் அவரைக் கரைச்சல்படுத்தாதை. அந்தியேட்டி முடியட்டும், ஆறுதலாச் சொல்லு" என்றார்.

"ஓமக்கா, சொல்லுறன்."

நீ லீக்ஸ் இலைகளுக்கு இடையால் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நடந்தது இவ்வளவுதான். நாங்கள் இருவரும் ஒரு துக்க வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையைக் கொடுத்தோம். ஒரு பூட்டு எத்தனை நாள் காத்திருக்கும் என்பதை ஒரு செத்தவீட்டின் நாட்களால் கணக்கிட்டோம்.

இருபத்தாறாம் நாள், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நான்கு மணி. வெளியே இன்னும் வெளிச்சம். நான் அடுப்படியில் நின்றேன். மாடிப்படியில் எதுவோ பாரமாக விழும் சத்தமும், ஒருவன் ஓடும் சத்தமும், கதவு சுவரில் அடிபடும் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. கதவைத் திறந்தால், தபால் பெட்டிகளுக்குக் கீழே வசந்தி அக்கா கிடந்தார். முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே நின்றிருக்கிறான். கைப்பையைப் பறித்தபோது பையின் வார் அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது, அவன் இழுத்ததில் படியிலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அவனை யாரும் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் அழவில்லை. "கதவு திறந்து கிடந்தது பிள்ளை" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. பால் பொங்கிவிட்டது என்று சொல்வதுபோல.

மறுநாள் காலை அப்பா பூட்டுக்காரரைக் கூப்பிட்டார். புதுப் பூட்டுப் போட இருபது நிமிடம் எடுத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தியேட்டிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. "பூட்டு எப்ப பழுதாப் போனதெண்டே தெரியேல்லை" என்று அப்பா தனக்குத்தானே சொன்னார். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தியேட்டி முடியட்டும் என்று நினைத்தேன். அதுவும் முடிந்தது. பிறகு, சொல்வதற்குப் பிந்திவிட்டது என்று நினைத்தேன். மகனே, ஒன்றைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நம்பாதே. அவர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கமாட்டாய்.

வசந்தி அக்காவின் கை ஒழுங்காகப் பொருந்தவில்லை. சந்தைப் பெட்டி தூக்க முடியாமல் போனது, வேலையும் போனது. ஒரு வருடம் பொறுத்திருந்துவிட்டுத்தான் வழக்கு வைத்தார். அதற்கு முன் என்னிடம் வந்தார், வாசலிலேயே நின்றார். "கோவிக்காதை பிள்ளை. வாடகையாள் சங்கத்திலை ஒரு பெட்டை சொல்லுறாள், உங்களிட்டைக் காப்புறுதி கிடக்கும், அவங்கள்தான் குடுப்பாங்கள், உங்களுக்கு ஒண்டும் வராதெண்டு. நான் உங்களோடை சண்டைக்கு வரேல்லை." அப்பாவுக்கு அது சண்டையாகத்தான் பட்டது. காப்புறுதிக்காரர் போனில் அப்பாவிடம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்தார். வீட்டுக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம் எங்கள் இருவருக்கும் தொற்றிக்கொண்டது. பத்து வருட உழைப்பு அந்தச் செங்கல்லுக்குள் இருந்தது.

தீர்ப்பாயத்தில் அந்த அம்மையார் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொன்னார். ஒரு கட்டடத்துக்குள் யாரோ செய்யும் ஒவ்வொரு குற்றத்துக்கும் கட்டடக்காரர் பொறுப்பல்ல, திருடனை அவர் அனுப்பவில்லை. ஆனால் கதவு பூட்டாது என்று தெரிந்தும் அதை அப்படியே விட்டிருந்தால், அந்தத் திருடனுக்கு வழி விட்டவர்களில் அவரும் ஒருவர். ஆகவே இன்று தனக்கு ஒரு கேள்விதான், உரிமையாளருக்குத் தெரியுமா என்றார். அப்பாவைக் கேட்டார். அப்பா தெரியாது என்றார். அது உண்மை. ஏதாவது எழுத்தில் உண்டா என்று வசந்தி அக்காவைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சென்னைப் பக்கத்துப் பெண். "அம்மா, எழுதி ஏதாவது கொடுத்தீங்களான்னு கேக்கிறாங்க."

"ஒரு வீட்டுக்குள்ளை இருக்கிற சனத்துக்கு ஆரம்மா கடிதம் போடுறது? பகைக்கிறதெண்டால்தான் கடிதம்" என்றார் அக்கா. அந்தப் பெண்ணுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிறகு "இல்லை" என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னாள். "இவவிட்டைச் சொன்னனான்" என்று அக்கா என்னைக் காட்டினார். அப்போதுதான் அந்தக் கண்ணாடி கழன்றது, அந்தக் கேள்வி வந்தது.

கட்டடத்தின் உறுதிப் பத்திரத்தில் என் பெயரும் இருந்தது. நொத்தாரிசின் அறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் கையெழுத்து வைத்தேன். என்னிடம் சொன்னது உரிமையாளரிடம் சொன்னதுதான், நடுவில் காது மாறத் தேவையில்லை. இது எனக்கு அன்று தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. சட்டத்தின் வரிகளை நூலகத்தில் தேடி வாசித்தது வழக்கு முடிந்த பிறகுதான். ஆனால் அந்தக் கேள்வியின் பாரம் அதைக் கேட்டபோதே எனக்குத் தெரிந்தது. புத்தகம் வாசிக்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. எத்தனையோ கதைகளில், வாய் திறக்காமல் நின்ற மனிதர்களைப் பார்த்து ஏன் இவர்கள் சொல்லமாட்டார்கள் என்று கோபப்பட்டிருக்கிறேன். என் முறை வந்தது. 'இல்லை' என்று சொல்லக்கூட எனக்குத் துணிவில்லை. 'நினைவில்லை' என்றேன். பொய்களில் மிகவும் கோழையான பொய் அதுதான். அதை யாரும் பொய்யென்று காட்ட முடியாது, சொல்பவருக்கும் பாதிப் பொய்தான் என்று ஒரு ஆறுதல்.

"அவங்களுக்கு ஞாபகம் இல்லையாம்மா" என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

"எனக்கு விளங்கினது பிள்ளை. அவ்வளவு பிரெஞ்சு சந்தையிலை நிண்ட எனக்குத் தெரியும்" என்றார் வசந்தி அக்கா. தன் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சில மாதங்களில் தீர்ப்புத் தபாலில் வந்தது. உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை.

இதையெல்லாம் விட நான் உனக்குச் சொல்ல வேண்டியது, தீர்ப்பாயத்துக்குப் போய்வந்த அன்று பின்னேரம் நடந்தது. நீ பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல், "வென்றதோ?" என்று கேட்டாய். அன்ரி கதவைப் பற்றித் தங்களிடம் சொன்னதாகப் பொய் சொல்லிப் பார்த்தவ என்று அப்பா சொன்னார். நீ என்னைப் பார்த்தாய். அப்பா குளிக்கப் போன பிறகு அடுப்படிக்கு வந்தாய்.

"அம்மா, அன்ரி சொன்னவதானே? லீக்ஸ் கொண்டுவந்த அண்டைக்கு. நான் நிண்டனான்."

"நீ வேறை எதையோ கேட்டிருப்பாய்" என்றேன்.

"இல்லை. நாக்கு உள்ளை போகுதெண்டு சொன்னவ. கதவுக்கும் நாக்கு இருக்கோ எண்டு நான் யோசிச்சனான்."

"சின்னப் பிள்ளையளுக்கு ஒண்டு நடந்தது மாதிரி இருக்கும் ராசா. உனக்கு அப்ப எட்டு வயசு."

நீ வாதாடவில்லை. அதுதான் என்னை இன்றுவரை விடவில்லை. உன் முகத்தில் ஒரு சந்தேகம் மெல்ல வந்தது. என் மீதல்ல, உன் மீது. தாய் சொல்கிறாள், அப்படியென்றால் தன் காதுதான் பிழை என்று ஒரு பிள்ளை முடிவெடுப்பதை நான் கண்ணால் பார்த்தேன், பார்த்துக்கொண்டே வெங்காயம் வெட்டினேன். தீர்ப்பாயத்தில் நான் செய்தது ஒரு குற்றத்தை மறைத்தது. அடுப்படியில் செய்தது அதைவிடப் பெரியது. வசந்தி அக்கா இருந்த கட்டடத்துக்குள் ஒருவன் பூட்டாத கதவால் நுழைந்தான். உனக்குள் நான் அப்படித்தான் நுழைந்தேன். நீ என்னை நம்பித் திறந்து வைத்திருந்த கதவு அது.

அதன் பிறகு நீ மாறினாய். வெளியே போகும்போது கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாய். ஆசிரியர் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதி, திகதி போட்டுக் கொண்டுவருவாய். பெரிய பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அப்பாவும் புகழ்ந்தார். நான் மட்டும் அந்தத் திகதிகளைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினேன். வசந்தி அக்கா அடுத்த ஆடியில், ஊரெல்லாம் வீடு மாறும் நாளில், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் தன் தமக்கையின் மகளிடம் போய்விட்டார். நீ யன்னலில் நின்று பார்த்தாய். கீழே போய் விடை சொல்லிவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. அவர் வான் வண்டியில் ஏறும்போது ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். நீ கையைத் தூக்கினாய், அவரும் தூக்கினார், இடது கை.

நீ வெளியே கற்றுக்கொள்ளப் போகும் விசயங்களை நான் சொல்லித்தரத் தேவையில்லை. உன் வீட்டுக்காரருக்கு எழுது, திகதி போடு, பிரதி வைத்திரு, அது பகை இல்லை. நீ ஏற்கெனவே அதைச் செய்கிறாய். நான் சொல்ல விரும்புவது மறுபக்கத்தை. ஒருநாள் உன் பெயரிலும் ஒரு வீடு இருக்கலாம், அதற்குள் வேறு மனிதர்கள் நித்திரை கொள்ளலாம். அவர்கள் எழுதாவிட்டாலும் கேள். உன்னைக் கரைச்சல்படுத்தக் கூடாதென்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்வதைத்தான் முதலில் கேள். அந்தக் கட்டடத்தில் இன்னும் நான்கு வீட்டார் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு தினமும் போய்வந்தார்கள். ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் வாசலைத் தாண்டி ஒன்பது அடி நடந்தால் அந்தக் கதவு. என் மரியாதையெல்லாம் அந்த ஒன்பது அடியைக்கூடக் கடக்கவில்லை.

இப்போது மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் நல்லவர்கள், ஏதும் பழுதென்றால் போனில் படம் அனுப்புவார்கள், அன்றே செய்து கொடுக்கிறோம். ஆனால் இந்தக் கட்டடத்தில் யாரும் முழங்கையால் கதவு தட்டுவதில்லை. சனிக்கிழமை பகலில் நான் புத்தகத்தோடு இருக்கும்போது அந்தச் சத்தத்துக்காக என் காது தானாக எழும்பி நிற்கிறது. உன் அறையில் இருந்தும் சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் "எல்லாம் ஓகே அம்மா" என்கிறாய். உன் குரல் நல்ல குரல், மரியாதையான குரல், ஒரு வீட்டுக்காரரோடு பேசுவது போன்ற குரல். எட்டு வயதில் நீ என்னிடம் எதையும் யோசிக்காமல் சொல்லும் குரலைத்தான் நான் தேடுகிறேன். கதவுக்கும் நாக்கு இருக்கோ அம்மா என்று அன்றைக்கே நீ கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை, லீக்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். அவர் சொன்னார், ராசா. நீ சரியாகத்தான் கேட்டாய். உன் காதில் ஒரு பிழையும் இல்லை.

இதுவரை எழுதிய பிறகு மூன்று நாள் இந்தத் தாள்களை மேசை லாச்சியில் வைத்திருந்தேன். அந்த மூன்று நாளில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, பின்படியில் வைத்து அப்பாவிடம் சொன்னேன். அவர் படியின் ஆணியொன்றை அடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"அவ பொய்க்காரி எண்டு கோயில்லை வைச்சு எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன்" என்றார். இன்னொரு ஆணியை எடுத்துக்கொண்டு, "ஐயா செத்ததுக்கும் பூட்டுக்கும் என்ன? சொல்லியிருந்தா அண்டைக்கே எழும்பியிருப்பனே. அந்த ஒரு மாசம் கைக்கு ஒரு வேலை இல்லாமல்தானே நான் விசராக இருந்தனான்" என்றார். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

சனிக்கிழமை, வசந்தி அக்கா சொன்னதையும் அது சொல்லப்பட்ட நாளையும் நான் தீர்ப்பாயத்தில் மறைத்ததையும் பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஞாயிறு பகல் பஸ் எடுத்து நோத்ர-டாம்-த-கிரேஸுக்குப் போனேன். வாசலுக்குள், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், வீட்டு எண்களும் பொத்தான்களும் இருந்தன. அவர்களுடைய எண்ணை அழுத்தினேன், பேசும் கருவியில் அக்காவின் குரல் வந்தது.

"ஆர்?"

"நான்தான் அக்கா. பார்க் எக்ஸ்டென்ஷன், கீழ்வீடு."

கருவிக்குக் கிட்டக் காதை வைத்தேன். போய்விட்டார் என்று நினைத்தேன்.

"என்ன விசயம்?"

"நீங்கள் அண்டைக்கு என்னட்டைச் சொன்னனீங்கள். அதை எழுதிக் கொண்டுவந்திருக்கிறன்."

"பெடிக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இன்னும் இல்லை அக்கா."

"முதல் அவனுக்குச் சொல்லு. அவன் அண்டைக்கு நிண்டவன்." பிறகு, "பெட்டிக்குள்ளை போட்டிட்டுப் போ" என்றார்.

கடிதத்தை அவருடைய பெட்டிக்குள் போட்டேன். பழக்கத்தில் உட்கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன், நன்றாகப் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். அவர் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து உறையில் உன் முகவரியை எழுதினேன்.